மஞ்சளைக் குறை!

வியாழக்கிழமை மாலை நாலு மணி ஆனால் அந்த வீட்டுக்கு டாக்டர் வருவார். வாசல் வழியாக இல்லை, கம்ப்யூட்டர் வழியாக. சரியாக ஏழு நிமிடம் இருப்பார், கேட்க வேண்டியதைக் கேட்பார், போய்விடுவார். அந்த ஏழு நிமிடத்துக்காக அப்பா செய்யும் அமர்க்களம்தான் தாங்காது.

"பட்டாணி! திரைச்சீலையை இழுத்து விடு! பட்டாணி! அந்த விளக்கைக் கொஞ்சம் சாய்! பட்டாணி! அம்மா தலையில முடி ஒண்ணு தூக்கிட்டு நிக்குது பாரு!"

பட்டாணிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு நீளமான, மரியாதையான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஓரிடத்தில் வைத்தால் நிற்காமல் உருண்டோடும் பெண்ணை அவ்வளவு நீளமாகக் கூப்பிட வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. நீலத் திரைச்சீலை, முதுகு இல்லாத ஒரு ஸ்டூல், குடை மாட்டிய இரண்டு விளக்குகள், முக்காலியின் மேல் ஒரு பெரிய கேமரா, அதோடு கம்பியால் இணைத்த ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் சொத்து. பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட அடையாள அட்டை போட்டோ, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் போட்டோ எல்லாம் அங்கேதான் பிறந்தன.

யாராயிருந்தாலும் படத்தில் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. கண்ணுக்குக் கீழே கருவளையமா? விளக்கைத் தள்ளி வை. முகத்தில் எண்ணெய் வடிகிறதா? துடைத்துவிட்டு வா. எதற்கும் மசியாத முகம் என்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். பல் வலியோடு வந்தவர்கள்கூட அவர் எடுத்த படத்தில் லாட்டரி அடித்தவர்களாகத் தெரிந்தார்கள்.

ஸ்டுடியோவின் இன்னொரு பாதி அம்மா. கல்லாவில் இருப்பது, படங்களை வெட்டுவது, உறையில் போடுவது எல்லாம் அம்மா. அதைவிட முக்கியமான வேலை, அழுகிற குழந்தைகளைச் சிரிக்கவைப்பது. கேமராவுக்குப் பின்னால் நின்று அம்மா ஒரு தும்மல் தும்முவாள் பாருங்கள், எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் அழுகையை மறந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்பு அம்மாவுக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்தன. நுரையீரலில் கிருமி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் படுக்கவைத்தார்கள். அந்தப் பதினெட்டு நாளும் பட்டாணி பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையிடம் இருந்தாள். அத்தை நல்லவர்தான், தலைகூடப் பின்னிவிட்டார். ஆனாலும் பட்டாணிக்கு ஒரு வேளை சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் உட்கார்ந்து, திரும்பி வருவதற்குள் நல்ல ஆளே நோயாளி ஆகிவிடுவார். அதனால் இந்த வியாழக்கிழமை ஏற்பாடு. தினமும் விரலில் மாட்டி மூச்சின் நிலையைப் பார்க்க ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். அதில் வரும் எண்களையும் காய்ச்சல் அளவையும் போனில் பதிந்தால், அங்கே டாக்டரின் மேஜையில் தெரியும். வாரம் ஒரு நாள் நேருக்கு நேர் பேச்சு. கூடவே பதினோரு பக்கத்தில் ஒரு குறிப்பும் கொடுத்தார்கள். அப்பா அதில் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்பது அதில் இருந்தது.

"போன்ல பேசினா போதும்னு சொன்னாங்களே," என்றாள் அம்மா.

"போனா? அதுல மூக்கு இவ்வளவு பெருசா தெரியும்," என்று கையை விரித்துக் காட்டினார் அப்பா. "ஸ்டுடியோ எதுக்கு இருக்கு? பெரிய கேமராவையே மாட்டிடறேன்."

மாட்டினார். முதல் வியாழக்கிழமையே டாக்டர் அசந்துபோனார். "அடடா! என் நோயாளிகள்லயே உங்க படம்தான் தெளிவா இருக்கு!" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைச் சொன்னார்.

பட்டாணிக்குக் கொடுக்கப்பட்ட வேலை மவுஸைப் பிடிப்பது. அப்பா விளக்குப் பக்கம் நின்று கட்டளையிடுவார், அவள் கம்ப்யூட்டரில் நகர்த்துவாள். திரையின் ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி. புள்ளியை வலது பக்கம் இழுத்தால் படத்தில் மஞ்சள் கூடும், இடது பக்கம் இழுத்தால் குறையும்.

"கேமரா மஞ்சளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுது," என்றார் அப்பா அந்த முதல் வாரமே. "மஞ்சளைக் குறை. போதும், போதும்."

இரண்டு படி இடது பக்கம் போயிருந்தது.

அடுத்த வாரம், "மஞ்சளைக் குறை. இன்னும் கொஞ்சம்," என்றார். ஐந்து படி.

மூன்றாவது வாரம் ஒன்பது படி. அப்பா கேமராவைத் தட்டிப் பார்த்தார். லென்ஸை ஊதித் துடைத்தார். "வயசாயிடுச்சு இதுக்கு," என்று அலுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாரமும் டாக்டர், "கண்ணைக் கொஞ்சம் பெருசா திறந்து காட்டுங்கம்மா," என்பார். அம்மா காட்டுவாள். டாக்டர் உற்றுப் பார்ப்பார். "சரி, நல்லா இருக்கு," என்பார். எதற்காகக் கண்ணைப் பார்க்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"பசி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை டாக்டர்," என்பாள் அம்மா. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பவள் சொல்கிற பதில் அது. டாக்டரே தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும்போது குறை சொல்வது மரியாதை இல்லை என்று அம்மா நினைத்தாள். வந்தவர் கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே!

நான்காவது வாரம், புதன்கிழமை. பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஸ்டுடியோவில் ஒரே ரகளை. எட்டு மாதக் குழந்தை ஒன்றைப் பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். அது ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தும்மிக்காட்டத் தெம்பில்லை, உள்ளே படுத்திருந்தாள். அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கோழி மாதிரி கையை அடித்துக் குதித்தார். குழந்தை அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தது. பிறகு இரண்டு மடங்கு அழுதது.

"பட்டாணி! வந்துட்டியா! கம்ப்யூட்டர்ல உட்காரு, நான் இவனைப் பாத்துக்கறேன்!"

பட்டாணி பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கை தானாகவே புள்ளியை ஒன்பது படி இடது பக்கம் இழுத்துவிட்டது.

அப்பா திரையைப் பார்த்தார். "ஐயையோ! ஏம்மா குழந்தையை நீலமாக்கிட்ட? நடுவுல வை, நடுவுல!"

அவள் நடுவில் வைத்தாள். குழந்தை தன் நிறத்துக்குத் திரும்பியது. அழுது சிவந்த மூக்கு, கறுப்புப் பொட்டு எல்லாம் உள்ளது உள்ளபடி இருந்தன. அப்பா படத்தை எடுத்தார், குழந்தையைக் கொடுத்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பட்டாணி மட்டும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. அதே கேமரா, அதே விளக்கு, அதே திரைச்சீலை. குழந்தைக்குப் புள்ளி நடுவிலேயே சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒன்பது படி?

"அப்பா, கேமராவுக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"இப்ப நல்லாதானே காட்டுச்சு?"

"அது அப்படித்தான். ஒரு நாள் மக்கர் பண்ணும், ஒரு நாள் பண்ணாது," என்றார் அப்பா. அடுத்த ஆள் தலை சீவிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

பட்டாணி உள்ளே போனாள். அம்மாவை எழுப்பி, "கொல்லைப் பக்கம் வந்து உட்காரும்மா, காத்து வருது," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. துணி காயும் கொடிக்குக் கீழே, படியில் அம்மா உட்கார்ந்தாள்.

"என்னடி இப்படி முறைச்சுப் பாக்கற?"

"சும்மாம்மா. வானத்தைப் பாரு."

அம்மா மேலே பார்த்தாள். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் நிறத்தில் இருந்தது. வீட்டுக்குள் மங்கலான பல்பு வெளிச்சத்தில் இது தெரிந்ததே இல்லை.

பட்டாணி திரும்பி ஸ்டுடியோ பக்கம் பார்த்தாள்.

கேமரா பொய் சொல்லவில்லை. முதல் வாரத்திலிருந்தே அது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வாராவாரம் அதன் வாயை அடைத்தது யார்? கட்டளை போட்டது அப்பா, இழுத்தது இவள் கை.

அவள் அப்பாவிடம் ஓடினாள். "அப்பா, அம்மா கண்ணு மஞ்சளா இருக்கு."

"தூக்கம் சரியில்ல அவளுக்கு. அதான் நாளைக்கு டாக்டர் பாக்கப்போறாரே!"

டாக்டர் எதைப் பார்க்கப்போகிறார் என்பதுதான் இப்போது பட்டாணிக்குத் தெரியுமே. ஆனால் அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சொன்னால் அம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள். மறுபடியும் பதினெட்டு நாள். மறுபடியும் இறங்காத சோறு. சொல்லாவிட்டால் அம்மா இங்கேயே இருப்பாள், மஞ்சளாக. யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்கு, அறிவியல் எதுவும் தலையில் ஏறவில்லை. மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. ஸ்டுடியோவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மா கருநீலப் புடவையில், முகத்தில் பவுடரோடு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உட்காரவே முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்தது.

"மஞ்சளைக் குறை," என்றார் அப்பா. "இன்னும். இன்னும். என்ன கேமராடா இது! ம்... போதும்."

பதின்மூன்று படி. திரையில் அம்மா அழகாக, ஆரோக்கியமாக இருந்தாள். கண் பளிச்சென்று வெண்மையாக இருந்தது.

டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுபவர். அவருக்குப் பின்னால் யாரோ ஒரு நர்ஸ் கோப்புகளோடு போய்க்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா. காய்ச்சல் இல்ல, மூச்சு எண் நல்லா இருக்கு, எல்லாம் பாத்துட்டேன். எங்க, கண்ணைக் காட்டுங்க."

அம்மா கண்ணை அகல விரித்தாள்.

"பிரமாதம். பசி?"

"பரவாயில்லை டாக்டர்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஒண்ணு பண்ணலாம். வாரா வாரம் வேண்டாம், இனிமே மாசம் ஒரு தடவை பேசினா போதும். ரத்தப் பரிசோதனையும் அப்பவே வெச்சுக்கலாம். அதே மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க."

அப்பா வாயெல்லாம் பல்லாக, கட்டைவிரலை உயர்த்திப் பட்டாணிக்குக் காட்டினார்.

ஒரு மாதம்! வாரத்துக்கு நாலு படி என்றால் ஒரு மாதத்துக்கு எத்தனை? அறிவியல் ஏறாத தலையில் அந்தக் கணக்கு மட்டும் சட்டென்று ஏறியது. பட்டாணி மவுஸை விட்டாள். டாக்டர் இருக்கும்போது கேமராவுக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அவள் நேராகப் போய் அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள்.

"பட்டாணி! தள்ளு!" என்று அப்பா கையால் சைகை காட்டினார்.

"டாக்டர்," என்றாள் பட்டாணி. "என் சட்டை என்ன நிறம்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்தார். "யாரு, உங்க பொண்ணா? நல்லா இருக்கே சட்டை. இளநீலம்."

"இல்ல டாக்டர். வெள்ளை."

டாக்டரின் சிரிப்பு நின்றது. நெற்றியில் இருந்த கண்ணாடி கீழே இறங்கி மூக்கில் உட்கார்ந்தது.

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு நேரில் சட்டையைப் பார்த்தார். அது வெள்ளைதான். காலையில் அவரே இஸ்திரி போட்டது.

"வெள்ளைச் சட்டை எனக்கு எப்படிம்மா நீலமாத் தெரியுது?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"நாங்க மஞ்சளைக் குறைச்சிட்டோம். போன வாரம் ஒன்பது படி. இன்னைக்குப் பதிமூணு. நேத்து ஒரு குழந்தைக்குக் குறைக்கவே இல்ல, அது சரியா இருந்துச்சு. அம்மாவுக்கு மட்டும்தான்..." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கெட்டிக்காரிதானே, அழாம எனக்கு ஒரு உதவி பண்ணு. எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரியே வெச்சிட்டு, திரும்பவும் அம்மா பக்கத்துல வந்து நில்லு."

பட்டாணி ஓடிப்போய்ப் புள்ளியை நடுவுக்கு இழுத்தாள். பதின்மூன்று படி. திரும்ப வந்து அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றாள். திரையில் சட்டை வெள்ளையானது. திரைச்சீலை அதன் பழைய நிறத்துக்கு வந்தது. அம்மாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

டாக்டர் திரையை நெருங்கி வந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. பசி இருக்கா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல டாக்டர். ரெண்டு வாரமா சோத்தைப் பாத்தாலே குமட்டுது. சிறுநீரும் டீத்தண்ணி மாதிரி போகுது. நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து... வந்து கேக்கும்போது..."

"நான் என் நாற்காலியிலேயேதாம்மா இருக்கேன்," என்றார் டாக்டர். "இந்த மாத்திரை சில பேருக்கு ஈரலைக் கெடுக்கும். அதைப் பாக்கத்தான் வாரா வாரம் கண்ணைக் காட்டச் சொன்னேன். சாயங்கால மாத்திரையைச் சாப்பிடாதீங்க. இப்பவே கிளம்பி வாங்க. நான் வார்டுக்குச் சொல்லிடறேன்."

எல்லாம் மளமளவென்று நடந்தது. பக்கத்து வீட்டு அத்தை தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு அப்பாவின் போனுக்கே வந்துவிட்டது. அதில் பாதி எண்கள் சிவப்பாக இருந்தன. டாக்டர் நேரிலேயே வந்தார். கம்ப்யூட்டரில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டீங்க. மாத்திரையை நிறுத்தினாச் சரியாயிடும். ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வராந்தா பெஞ்சில் அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற மனிதர். அவருக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று உண்டென்றால் அது அம்மாவின் முகம்தான்.

"நான்தான் பட்டாணி பண்ணினேன். நல்லா இருக்கணும்னுதான்... நானேதான் பண்ணினேன்."

பட்டாணி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மவுஸ் என் கையிலதானேப்பா இருந்துச்சு," என்றாள். "பாதி நான்."

அப்பா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை நன்றாகக் கசங்கியது.

அம்மா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். பட்டாணி பயந்ததில் சரியாகப் பாதி. தினமும் மாலையில் அத்தையின் போனில் அம்மாவைப் பார்ப்பாள். வார்டில் வெளிச்சம் குறைவு. படம் அடிக்கடி நின்று நின்று வரும். ஆனால் நாளுக்கு நாள் கண்ணில் வெள்ளை கூடிக்கொண்டே வந்ததை அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். ஆறாவது நாள் அம்மா, "அந்த நர்ஸ் கொடுத்த ரொட்டியை முழுசாத் தின்னுட்டேன்டி," என்று பெருமையடித்துக்கொண்டபோது, பட்டாணி அத்தை வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு மாத்திரையை மாற்றிக் கொடுத்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை ஏற்பாடு தொடர்ந்தது. ரத்தப் பரிசோதனை மட்டும் தெருக்கோடியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று ஆனது.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பட்டாணி. எதிரே ஒரு டப்பாவில் சாய்த்து வைத்த போன். பவுடர் இல்லை. தலைமுடி காற்றில் நாலாபக்கமும் பறந்தது. போன் சறுக்கிச் சறுக்கி, படத்தில் அம்மாவின் நெற்றி பாதி வெட்டுப்பட்டு, மூக்கு மட்டும் பிரமாதமாகத் தெரிந்தது.

அப்பா கதவோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு இதைப் பார்த்தார். கை துறுதுறுத்தது. ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், மன்னிச்சுக்கணும். படம் சரியா விழல."

"படம் மகா மோசம் சார்," என்றார் டாக்டர், கண்ணாடியை மூக்கில் இறக்கி உற்றுப் பார்த்தபடி. "ஆனா ஆளு நல்லா இருக்காங்க!"

அப்பா சிரித்த சிரிப்பில் டப்பா சரிந்து போன் குப்புற விழுந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் டாக்டருக்குத் தெரிந்தது வெறும் இருட்டு. கேட்டது மூன்று பேரின் சிரிப்பு.